கரண்ட் கம்பெனி பங்கு மறுபடி 70 டாலருக்குப் போகுமா?

கேள்வி: 22 வருடமாகக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். எனக்கு 56 வயது, கணவருக்கு 60. எங்களுக்குக் கரண்ட் தரும் பி.ஜி. அண்ட் இ கம்பெனி 2020-ல் திவாலிலிருந்து வெளியே வந்த சமயத்தில், 9, 10 டாலர் விலையில் கணவர் அதன் பங்குகளை வாங்க ஆரம்பித்தார். அப்புறமும் சேர்த்துக்கொண்டே வந்தார். இப்போது எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அதில்தான் இருக்கிறது. “கரண்ட் இல்லாமல் யாரால் இருக்க முடியும்? போட்டிக்கு இன்னொரு கம்பெனியும் கிடையாது. 2017-ல் 70 டாலர் விற்ற பங்கு, மறுபடி அங்கே போகும். ஏஐ டேட்டா சென்டர்கள் வேறு வரிசையாக வருகின்றன” என்கிறார். மாமனார் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் இந்தத் துறைமேல் இவருக்குத் தனி நம்பிக்கை. மகன் விற்கச் சொல்கிறான். கணவர் ஓய்வு பெற இன்னும் 4 வருடம் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்த 70 டாலர் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் கணவர் காத்திருப்பது அந்த எண்ணுக்காகத்தான் என்று தெரிகிறது. 2017-ல் இந்தக் கம்பெனிக்கு இருந்த பங்குகள் சுமார் 51 கோடி. திவாலிலிருந்து மீள்வதற்கும், கம்பெனியின் கம்பிகளால் மூண்ட காட்டுத்தீயில் வீடிழந்தவர்களுக்கு ஈடு கொடுப்பதற்கும் புதுப் பங்குகளை வெளியிட்டார்கள். இப்போது மொத்தம் 200 கோடிக்கு மேல். பானையில் அதே சோறு, பந்தியில் இலை மட்டும் நாலு மடங்கு. அன்றைய 70 டாலரை 51 கோடியால் பெருக்கிப் பாருங்கள், கம்பெனியின் மொத்த மதிப்பு 3,500 கோடி டாலர் அளவுக்கு வரும். இன்றைக்கு ஒரு பங்கு 16, 17 டாலர் விற்றாலே அந்த மதிப்பு வந்துவிடும். ஒரு பங்கு மறுபடி 70 ஆக வேண்டுமென்றால், கம்பெனி அதன் பழைய உச்சத்தைப் போல நாலு மடங்கு பெரிதாக வேண்டும். வரைபடத்தில் தெரியும் அந்தப் பழைய விலையை அவர் மனதிலிருந்து எடுத்துவிட்டால், மீதியைப் பேசுவது சுலபம்.

அடுத்தது, “போட்டியே கிடையாது” என்பது. உண்மைதான். ஆனால் போட்டி இல்லாத கடைக்காரரிடம் விலை வைக்கும் உரிமையை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் மின்கட்டணத்தை நிர்ணயிப்பது பொதுப் பயன்பாட்டு ஆணையம். அதில் 5 உறுப்பினர்கள், ஐந்து பேரையும் நியமிப்பவர் மாநில கவர்னர். பங்குதாரர் போட்ட முதலுக்கு எத்தனை சதவீதம் லாபம் நியாயம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். சமீப வருடங்களில் அது சுமார் 10 சதவீதம். இன்னொரு விஷயம், இந்த மாநிலத்தில் அதிக யூனிட் விற்றால் அதிக லாபம் என்ற கணக்கு கிடையாது. மக்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதைக் கம்பெனி கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, விற்பனையையும் லாபத்தையும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பிரித்துவிட்டார்கள். கம்பி, டவர், துணை மின்நிலையம் என்று முதலீடு செய்தால்தான் அதன்மேல் லாபம் கிடைக்கும். அதனால் டேட்டா சென்டர் வந்தால் பணம் கொட்டும் என்று நேராகச் சொல்லிவிட முடியாது. அவற்றுக்கு இணைப்புக் கொடுக்கப் போடும் முதலுக்கு லாபம் உண்டு. நிலையான செலவு நிறையப் பேரிடம் பகிரப்பட்டு வீட்டு பில் கொஞ்சம் இறங்கவும் கூடும். நல்லதுதான். ஆனால் அந்த முதலீட்டுக்கும் அதே 5 பேரின் ஒப்புதல் வேண்டும்.

ஆக, உங்கள் கையில் இருப்பது மின்சாரத்தின் மேல் வைத்த பந்தயம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்ப்பது வேறு. பில் கட்டும் மக்களும், அவர்களுடைய ஓட்டை நம்பியிருக்கும் அரசியல்வாதிகளும் இந்தக் கம்பெனியை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வார்கள் என்பதன் மேல் வைத்த பந்தயம் அது. என்னிடம் வருகிறவர்கள் வரவு செலவு அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் பங்குதாரரை அழித்ததெல்லாம் பெரும்பாலும் அந்த விட்டுப்போன பகுதிதான்.

இந்தக் கம்பெனியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2010 செப்டம்பர் 9, சான் புரூனோவில் இவர்களுடைய எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் தரைமட்டம். 2015-ல் ஆணையம் 160 கோடி டாலர் அபராதம் போட்டது. அதற்கு முந்தைய வருடம், ஆணையத்தின் தலைவராக இருந்த மைக்கேல் பீவிக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கும் இடையே ஓடிய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. தங்களுக்கு வேண்டிய நீதிபதி தங்கள் வழக்குக்கு வர வேண்டும் என்றெல்லாம் அதில் பேசியிருந்தார்கள். கம்பெனி 3 அதிகாரிகளை வேலையை விட்டு அனுப்பியது. பீவி மறுபடி பதவி கேட்காமல் விலகினார். 2016-ல் ஃபெடரல் நீதிமன்றத்தில் 6 குற்றங்கள் நிரூபணமாகி, கம்பெனி 5 வருட நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் வந்தது.

அந்தக் கண்காணிப்புக் காலத்தில்தான் 2018 நவம்பர் 8 வந்தது. அன்று காலை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கணவர் இதை ஒரு பொருளாகக் கண்முன் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கரிபூ–பலெர்மோ என்றொரு பழைய மின்பாதை. 1921 வாக்கில் போட்டது. அதில் 27/222 என்று எண்ணிட்ட டவர். கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் சரம், டவரின் கையில் உள்ள ஓர் இரும்புத் துளையில் கொக்கி மாட்டித் தொங்கும். பள்ளத்தாக்கில் காற்றடிக்கும்போதெல்லாம் கொக்கி துளையின் விளிம்பில் உரசும். ஊர்க்கிணற்றின் விளிம்புக் கல்லில் கயிறு அறுத்த தடம் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. கிட்டத்தட்ட நூறு வருட உரசலில் கொக்கி தேய்ந்து தேய்ந்து, அன்று விடிந்தும் விடியாத நேரத்தில் அறுந்தது. மின்சாரம் ஓடும் கம்பி டவரில் பட்டு, உருகிய உலோகப் பொறி கீழே காய்ந்த புல்லில் விழுந்தது. சில மணி நேரத்தில் பாரடைஸ் என்ற ஊர் போயே போய்விட்டது. 85 உயிர்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள்.

கையடக்கமான ஒரு கொக்கி. அதை யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

2020 ஜூன் 16 அன்று சிக்கோ நீதிமன்றத்தில் நீதிபதி இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவருடைய படம் திரையில் வந்தது. தலைமை நிர்வாகி பில் ஜான்சன் நின்றபடி, ஒவ்வொரு முறையும் கம்பெனி சார்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டில் இருந்த 84 மரணங்களுக்கு 84 முறை. சட்டப்படி போட முடிந்த அபராதம் சுமார் 35 லட்சம் டாலர்தான். இந்த அளவுள்ள கம்பெனிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்கு முன்பே, 2019 ஜனவரி 29 அன்று, 3,000 கோடி டாலர் வரை இழப்பீடு வரலாம் என்ற கணக்கில் கம்பெனி திவாலுக்கு விண்ணப்பித்திருந்தது. பங்கு விலை அந்த மாதம் 7 டாலருக்கும் கீழே போயிருந்தது.

டிவிடெண்ட், அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கம்பெனி பிரித்துக் கொடுக்கும் பணம், என்ன ஆனது என்று கேட்டீர்களானால், ஓய்வு பெறப்போகும் உங்களுக்கு அதுதான் முக்கியம். 2017 வரை காலாண்டுக்கு ஒரு பங்குக்கு 53 சென்ட் வந்துகொண்டிருந்தது. அந்த அக்டோபரில் நாப்பா, சொனோமா பக்கம் தீ. டிசம்பரில் டிவிடெண்ட்டை நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தது 2024 ஜனவரியில். எவ்வளவு தெரியுமா? 1 சென்ட். ஆறு வருடம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, பிறகு 1 சென்ட்.

பாதிக்கப்பட்டவர்கள் கதை இன்னும் மோசம். அவர்களுக்கென ஒப்புக்கொண்ட 1,350 கோடி டாலரில் பாதி கம்பெனியின் பங்குகளாகவே கொடுக்கப்பட்டது. வீட்டை எரித்த கம்பெனியின் பங்கு ஏறினால்தான் தங்களுக்கு ஈடு கிடைக்கும் என்ற நிலையில் அந்த மனிதர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை. பங்கு வைத்திருக்கும் நாம் இதைத் தெரிந்துகொண்டுதான் வைத்திருக்க வேண்டும்.

பெயர் கெடுவது என்பதைப் பலர் விளம்பரத் துறை பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று நினைக்கிறார்கள். 2019 அக்டோபரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பலத்த காற்று வருகிறது, மறுபடி பொறி பறந்தால் ஊர் எரியும் என்று பயந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். தீ தடுப்பு என்ற அளவில் அது தவறான முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்தது என்ன? எந்தத் தெருவில் எப்போது நிற்கும் என்று பார்க்கப் போனால் இணையதளமே விழுந்துகிடந்தது. கம்பெனி வண்டி ஒன்றின்மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். கவர்னர் நியூசம் பேராசை, நிர்வாகக் கேடு என்று வெளிப்படையாகவே திட்டினார். சான் ஃபிரான்சிஸ்கோ நகரம், ஊருக்குள் இருக்கும் கம்பிகளை 250 கோடி டாலருக்கு எங்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று முந்தைய மாதமே கேட்டிருந்தது. சான் ஹோசே மேயர் வாடிக்கையாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவாக மாற்றச் சொன்னார். நம்பிக்கை போன இடத்தில் சரியான காரியமும் குற்றமாகிவிடுகிறது. அந்தக் கோபத்தின் நடுவில்தான் திவால் திட்டத்துக்கு மாநிலத்தின் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. பாதுகாப்பில் தவறினால் படிப்படியாக ஆறு கட்டங்களில் கண்காணிப்பு இறுகும், கடைசிக் கட்டத்தில் உரிமமே பறிபோகலாம் என்ற நிபந்தனையோடுதான் வெளியே விட்டார்கள். அந்த ஆறு படிகள் இன்றும் இருக்கின்றன. உங்கள் கணவர் 9 டாலருக்கு வாங்கிய பங்கு அந்த நிபந்தனையோடு சேர்த்து வந்தது.

நன்னடத்தைக் காலம் முடிந்தபோது, 2022 ஜனவரியில், நீதிபதி வில்லியம் ஆல்சப் எழுதிய கடைசி அறிக்கையையும் படித்துப் பாருங்கள். அந்த 5 வருடத்தில் குறைந்தது 31 காட்டுத்தீக்கள், 113 உயிர்கள் என்று கணக்குச் சொல்லி, கலிஃபோர்னியாவுக்கு இந்தக் கம்பெனி இன்னும் ஆபத்தாகவே இருக்கிறது என்று எழுதினார்.

சரி, இப்போது நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 2021-ல் பாட்ரிசியா பாப்பி என்பவர் தலைமை நிர்வாகியாக வந்த பிறகு நிறைய மாறியிருக்கிறது. மரக்கிளை பட்டால் நொடியில் மின்சாரம் அறுபடும் அமைப்பு, 10,000 மைல் கம்பியைப் பூமிக்கடியில் புதைக்கும் திட்டம் என்று வேலை நடக்கிறது. ஆனால் ஒரு மைல் புதைக்க 30 லட்சம் டாலருக்குக் குறையாமல் ஆகிறது. அந்தச் செலவு யார் தலையில்? நம் பில்லில்தான். அந்த முதலீட்டின்மேல் கம்பெனிக்கு லாபமும் உண்டு. 2023-ல் 220 கோடி டாலருக்கு மேல் லாபம் என்று அறிவித்ததும், 2024-ல் பில் ஏறியதும் ஒரே சமயத்தில் செய்தியானபோது மக்கள் கொதித்தார்கள். எப்படிக் கொதிக்காமல் இருப்பார்கள்? பாதுகாப்பாக்கினால் பில் ஏறுகிறது, பில் ஏறினால் அரசியல் கோபம் ஏறுகிறது, கோபம் ஏறினால் லாபத்தில் கை வைக்கிறார்கள். இந்தச் சுழலிலிருந்து எந்தத் தலைமை நிர்வாகியும் எளிதாக வெளியே வர முடியாது. 2025 செப்டம்பரில் வந்த சட்டத்திலேயே பாருங்கள்: தீ இழப்பீட்டுக்காக மின்கம்பெனிகளுக்குப் பொதுவாக இருக்கும் காட்டுத்தீ நிதிக்குக் கூடுதலாக 1,800 கோடி டாலர் சேர்த்தார்கள், கம்பெனிகளுக்கு அது பெரிய ஆறுதல், கூடவே பாதி பங்குதாரர் பணத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள், தீ தடுப்புக்காகச் செய்யும் முதலீட்டில் 600 கோடி டாலருக்குப் பங்குதாரர் லாபம் எடுக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். இந்தக் கை கொடுத்ததை அந்தக் கை வாங்கிக்கொண்டது.

கம்பெனி ஒன்றும் தப்புச் செய்யாவிட்டாலும் அடி விழும் என்பதற்கு 2025 ஜனவரி சாட்சி. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஈட்டன் தீ மூண்டது. அது எடிசன் கம்பெனியின் பகுதி. இவர்களுடைய கம்பி அங்கே ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சில நாட்களில் பி.ஜி. அண்ட் இ பங்கு 20 டாலர் அளவிலிருந்து 16, 17-க்கு இறங்கியது. காரணம், இந்த மாநிலத்தின் சட்டக் கோட்பாடு: மின்சாரக் கம்பெனியின் சாதனம் தீக்குக் காரணமாக இருந்தால், அவர்கள் கவனமாக இருந்தார்களா இல்லையா என்ற கேள்வியே எழாமல் சொத்து நஷ்டத்துக்குப் பொறுப்பு வரலாம். 2019-ல் எல்லாருக்கும் பொதுவாக ஏற்படுத்திய 2,100 கோடி டாலர் நிதியை ஈட்டன் தீ ஒன்றே கரைத்துவிடுமோ என்று சந்தை பயந்தது.

இது இந்தக் கம்பெனியின் தனிப்பட்ட தலையெழுத்து என்றும் நினைத்துவிட வேண்டாம். 2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவில் லஹைனா என்ற ஊர் எரிந்தபோது ஹவாயன் எலெக்ட்ரிக் பங்கு சில வாரங்களில் பாதிக்கு மேல் கரைந்தது, டிவிடெண்ட்டும் நின்றது. ஒஹாயோவில் தீயே தேவைப்படவில்லை. ஃபர்ஸ்ட் எனர்ஜி கம்பெனி, தனக்குச் சாதகமான சட்டத்துக்காக 6 கோடி டாலர் அளவில் பணம் பாய்ந்த லஞ்ச விவகாரத்தில் சிக்கி, 2021-ல் 23 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே சட்டசபைத் தலைவராக இருந்தவருக்கு 20 வருடச் சிறை. ஆட்சியாளர்களிடம் பகை வந்தாலும் ஆபத்து, அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து. வாரன் பஃபெட்டே 2024 பிப்ரவரிக் கடிதத்தில், மின்சாரத் தொழிலுக்கு அரசு அனுமதிக்கும் லாபம் இப்படிக் கெடும் என்று தான் யோசிக்கவே இல்லை, அது பெரும் விலை கொடுத்த தவறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் கணவர் தவறிய இடத்தில்தான் அவரும் தவறினார். அதனால் வீட்டில் இதைப் பேசும்போது யாரும் யாரையும் குறை சொல்லத் தேவையில்லை.

மாமனாரின் மின்வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயும் கட்டணம் அரசியல்தான். வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம், விவசாயத்துக்கு இலவசம், 2014-க்குப் பிறகு 2022 வரை பெரிய கட்டண உயர்வே இல்லை. அந்த நஷ்டத்தை அரசும் வங்கிகளும் சுமந்தன. வாரிய ஊழியருக்குச் சம்பளமும் பென்ஷனும் வந்துகொண்டே இருந்தன. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, கரண்ட் என்றால் அசையாத சொத்து என்று தோன்றுவது இயல்பு. இங்கே திவாலால் கம்பியில் கரண்ட் நிற்கவில்லை, ஊழியருக்குச் சம்பளம் நிற்கவில்லை, திவாலான மாதத்திலும் விளக்கு எரிந்தது. கரண்ட் நிலையாக இருந்தது. போனது பங்குதாரரின் பணம். உங்கள் கணவர் இந்தத் தொழிலில் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவருடைய அப்பா உட்கார்ந்த நாற்காலி கிடையாது.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. நீங்கள் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறீர்கள், அதே கம்பெனிக்குப் பில் கட்டுகிறீர்கள், வீடும் இதே மாநிலத்தில். இன்னொரு பெரும் தீ வந்தால் பங்கு விழும். அதே வருடம் மின்கட்டணம் ஏறும், வீட்டுக் காப்பீடும் ஏறும். 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் இந்த மாநிலத்தில் புது வீட்டுக் காப்பீடு எழுதுவதையே நிறுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். செலவெல்லாம் கூடும் அதே நேரத்தில் சேமிப்பு கரையும்படி அமைத்து வைத்திருக்கிறீர்கள். வேலையில் இன்னும் 20 வருடம் இருக்கிறது என்றால் தாங்கலாம். 4 வருடத்தில் தாங்க முடியாது. 2017 டிசம்பரில் நின்ற டிவிடெண்ட் திரும்பி வர ஆறு வருடம் ஆயிற்று என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் ஆலோசனை: மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே பங்கில் வேண்டாம். முழுவதும் விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் நம்பி வாங்கினார், லாபத்தில் இருக்கிறார், கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டும். மின்துறை வேண்டும் என்று ஆசைப்பட்டால், பல மாநிலக் கம்பெனிகள் அடங்கிய துறைசார் இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். அப்போது ஒரு கவர்னரின் கோபமோ ஒரு கொக்கியோ மொத்தத்தையும் கவிழ்க்காது. விற்ற மீதியில், ஓய்வின் முதல் சில வருடச் செலவுக்கானதை அரசுப் பத்திரங்களில் வையுங்கள்.

எப்படி விற்பது என்பது பங்குகள் எந்தக் கணக்கில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஐ.ஆர்.ஏ. போன்ற ஓய்வுக் கணக்குக்குள் இருந்தால், உள்ளேயே விற்று வேறு வாங்கினால் இப்போதைக்கு வரி கிடையாது. தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை, தீப்பருவம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடலாம். சாதாரண புரோக்கரேஜ் கணக்கில் இருந்தால், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததற்கு ஃபெடரல் வரி குறைவு, ஆனால் கலிஃபோர்னியா அதைச் சம்பளம் போலவே பார்த்து வரி போடும். அப்படியானால் இந்த வருடம் பாதி, அடுத்த ஜனவரியில் மீதி என்று இரண்டு வரி வருடங்களுக்குப் பிரித்து விற்கலாம். விலை அதிகம் கொடுத்து வாங்கிய தொகுப்புகளை முதலில் விற்றால் வரி இன்னும் குறையும். டிவிடெண்ட்டைத் தானாகவே அதே பங்கில் மறுமுதலீடு செய்யும் வசதி போட்டிருந்தால், அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வாங்கிய தேதியும் விலையும் உள்ள அறிக்கையைக் கணவரிடம் எடுத்துத் தரச் சொல்லி, வரிக் கணக்கரிடம் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள்.